ஜார்ஜியார் பேரில் ஒரு வாய் ஆட்டுக்கறி

நோவி சாத்,
ஜனவரி 30

அன்புள்ள மிலிசாவ் அண்ணனுக்கு,

தேசங்கா எழுதுகிறேன். போன் போட்டால், "அவன் உன் வீட்டுல இருக்கிற வரைக்கும் உன் குரலும் எனக்கு வேண்டாம்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிக்கும் முன் படித்துவிடுவாய். கூடப் பிறந்தவளுக்கு உன்னைத் தெரியாதா?

உன் மகன் ரேல்யா பத்திரமாக இருக்கிறான். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றான். ஒரு பை, பைக்குள் நாலு சட்டை, ஜெபப் புத்தகம், மிளகாய் ஊறுகாய் ஒரு பாட்டில். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்னடா ஆச்சு?" என்றார். "அப்பா என்னை வைக்கோல் தின்னச் சொல்லிட்டார் மாமா" என்றான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நம் குடும்பத்தில் பெண் எடுத்ததற்கு அவர் வருத்தப்படும் போதெல்லாம் அந்தப் பார்வைதான்.

நடந்ததை அவன் வாயால் கேட்டேன். என் வாயால் நீ கேள், பொருந்துகிறதா பார். பண்டிகைக்கு முந்தின நாள் முற்றத்தில் பன்றி கம்பியில் ஏறியாகிவிட்டது. ஆம்பிளைகள் ப்ளம் சாராயத்தோடு நெருப்பைச் சுற்றி நிற்கிறீர்கள். கம்பியைத் திருப்ப இவன் முறை வந்தது. "நான் திருப்ப மாட்டேம்பா." "ஏன், முதுகு வலியா?" "இல்ல. இனிமே கறி, மீன், பால், முட்டை எதுவும் நான் தொடறதில்ல." அதற்குப் பெயர் வீகனாம். நீ சிரித்தாய். அது வரைக்கும் சரி.

மறுநாள் பண்டிகைச் சாப்பாட்டில், சாராயக்கடை திஹோமிர் முதல் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்போது, இவன் உன்னைக் கொலைகாரன் என்றான். அது தப்பு. நானே திட்டினேன். "பெத்தவனை நல்ல நாளும் அதுவுமா அப்படிச் சொல்ற வாய்க்குள்ள கேரட் போனா என்ன, கறி போனா என்னடா?" காது வரை சிவந்துபோனான்.

நீ என்ன செய்தாய்? கிறிஸ்து பிறந்த ஞாபகத்துக்குத் தரையில் பரப்பிய வைக்கோலைக் காட்டி, "தீனி கீழ கிடக்கு, குனிஞ்சு தின்னு" என்றாய். திஹோமிர் தொடையைத் தட்டிச் சிரித்தானாம். வைக்கோலுக்காகப் பிள்ளை வீட்டை விட்டுப் போகவில்லை அண்ணா, அந்தச் சிரிப்புக்காகப் போனான்.

இங்கே மூலை பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஞாயிறு தவறாமல் கோவில். பாடகர் குழுவில் கட்டைக் குரல். சாப்பாட்டுக்கு முன் அவன் ஜெபம் முடிவதற்குள் சூப் ஆறி ஆடை கட்டுகிறது. ஆடை கட்டினால் அதில் பால் இருக்கிறது என்று அதையும் தொடுவதில்லை! "இதுல வெண்ணெய் இருக்கா அத்தை?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறான். என் சமையலில் வெண்ணெய் இல்லாத பண்டம் உப்பு ஒன்றுதான்.

அவனைக் கூப்பிடு. ஒரு வார்த்தை போதும்.

உன் தங்கை,
தேசங்கா

*

லிபோவா,
பிப்ரவரி 8

தேசங்கா,

கிழிக்கவில்லை. அடுப்பில் போட்டேன். படித்துவிட்டுத்தான்.

கூப்பிட மாட்டேன். நான் ஆடு வளர்க்கிறவன். என் அப்பன் ஆடு வளர்த்தவன். என்னைக் கொலைகாரன் என்றால் கல்லறையில் கிடக்கிற அத்தனை பேரும் கொலைகாரர்கள்தான். அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் கத்தியை எடுத்தார்கள்.

அவனுக்கு வேதம் தெரியுமாம். எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆபிரகாம் வீட்டுக்கு மூன்று தேவதூதர்கள் வந்தார்கள். கன்றை அடித்துத்தான் போட்டார், கீரை ஆயவில்லை. ஊதாரி மகன் திரும்பி வந்தபோது அப்பன் கொழுத்த கன்றை அடித்தான். அவரைக்காய் வேகவைத்து வரவேற்றதாக எங்கேயும் எழுதவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் வந்ததும் என்ன கேட்டார்? சாப்பிட ஏதாவது இருக்கா என்று. வறுத்த மீன் கொடுத்தார்கள். சாப்பிட்டார். ஆண்டவருக்குத் தெரியாதது பேக்கரியில் மாவு பிசைகிறவனுக்குத் தெரியுமா?

கறி தின்னாதவன் கிறிஸ்தவன் இல்லை. இது என் கட்சி. திஹோமிர் கடையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். வசிலியே பாதிரியாரும் அங்கே இருந்தார், காபி குடித்துக்கொண்டு.

இன்னொன்றும் சொன்னேன். நீயும் தெரிந்துகொள். நம் குலத்துப் புனிதர் ஜார்ஜியார். திருநாளன்று வீட்டில் ஏற்றும் மெழுகுதிரி அப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போகிறது. எனக்கு இருப்பது ஒரே மகன். அவன் மெழுகுதிரி வேண்டும் என்று உன்னிடம் சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அதற்கு ஆசைப்படுகிறவன். சரி. திருநாளன்று பாதிரியார் ஜெபித்து ரொட்டி வெட்டி முடித்ததும், என் கையால் ஒரு வாய் ஆட்டுக்கறி வாங்கி அவன் தின்ன வேண்டும். தின்றால் மெழுகுதிரி அவனுக்கு. இல்லாவிட்டால் அது என்னோடு அணையட்டும். ஜார்ஜியார் மேல் ஆணை என்று எழுந்து நின்று சொன்னேன். கடை முழுக்கக் கேட்டது.

இந்த வீட்டில் யாரும் சொன்ன சொல் மாறியதில்லை. அவனிடம் படித்துக் காட்டு.

மிலிசாவ்

*

நோவி சாத்,
மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

படித்துக் காட்டினேன். அன்றைக்கு அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. வெண்ணெய் இல்லாததைக்கூட.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. தவக்காலத்துக்கு முந்தின பிப்ரவரி என் பார்லரில் கல்யாண மாதம், கொண்டை போட்டுப் போட்டுக் கை வீங்கிவிட்டது. முடி கட்டும்போது நாக்கு சும்மா இருக்கிறதல்லவா? உங்கள் சண்டையை வருகிறவளிடமெல்லாம் கேட்டுவிட்டேன். ஊரே இரண்டு கட்சி! சாயம் பூசிக்கொள்ள வந்த டீச்சரம்மா உன் கட்சி. "ஆட்டை ஆண்டவர் எதுக்குப் படைச்சார், கம்பளிக்கு மட்டுமா?" என்கிறாள். நகம் வெட்ட வந்த மருந்துக் கடைக்காரி ரேல்யா கட்சி. இரண்டு பேரும் பேசிய வேகத்தில் டீச்சரம்மா தலையில் சாயம் கூடுதலாக ஊறி, கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. காசு வாங்கவில்லை.

நீ எழுதிய ஆபிரகாம், கன்று, மீன் எல்லாவற்றையும் ரேல்யாவிடம் வைத்தேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "அத்தை, ஆதாமுக்கு ஆண்டவர் கொடுத்த முதல் சாப்பாடு விதையும் பழமும். கறி நோவாவுக்குத்தான் வந்தது, அதுவும் உலகமே முழுகின பிறகு. அப்பா முழுகினதுக்கு அப்புறத்துலிருந்து ஆரம்பிக்கிறார், நான் முழுகறதுக்கு முன்னாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆண்டவர் மீன் சாப்பிட்டது தப்புன்னு நான் சொல்லலை. சாப்பிடாதவன் கிறிஸ்தவன் இல்லன்னு அவர் எங்கயாவது சொன்னாரா?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இப்போது தவக்காலம். இந்த ஏழு வாரமும் ஊர் முழுக்க ரேல்யாவாகிவிட்டது! கடை கடையாக "சுத்தபோசனம்" என்று சீட்டு ஒட்டி, பாலில்லாத கேக், முட்டையில்லாத பிஸ்கட், கறியில்லாத கோஸ் உருண்டை. அவன் பேக்கரியில் வரிசை தெரு முனை வரை. மடத்துத் துறவிகள் ஆயுசுக்கும் கறி தொடுவதில்லை. அவர்களையும் கிறிஸ்தவர்கள் இல்லை என்று திஹோமிர் கடையில் எழுந்து நின்று சொல்லேன், பார்ப்போம்.

நானும் இந்த வருஷம் ஒழுங்காக நோன்பு இருக்கிறேன். அதாவது மதியம் வரைக்கும். பார்லர் இழுப்பறையில் ஷாம்பு பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு துண்டு பன்றித் தொடைக்கறி வைத்திருந்தேன், நேற்று அதில் லாவெண்டர் வாசனை. தண்டனை கிடைத்தாயிற்று. நீ மட்டும் யோக்கியமா? ஒரு பெரிய வியாழனன்று கொட்டகைக்குப் பின்னால் கொழுப்பு வறுவலோடு நின்றாயே. பார்த்த சாட்சி ஒரே ஒரு ஆடு. அதையும் நீ சாப்பிட்டுவிட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் அண்ணா. உட்கார்ந்துகொள். இதை எழுதும்போது எனக்குக் கை துள்ளுகிறது.

உன் வீட்டு அடுக்களையில் கோவில் நாட்காட்டி மாட்டியிருப்பாய். அதை ஜனவரிப் பக்கத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு ஆணையிட்டிருக்கிறாய். மே மாதத்தைத் திருப்பு. ஜார்ஜியார் திருநாள், ஆறாம் தேதி, என்ன கிழமை?

வெள்ளி!

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். திருநாளே ஆனாலும் மீன் வரைக்கும்தான் அனுமதி. பாதிரியார் உட்கார்ந்திருக்கிற மேசையில், ரொட்டி வெட்டின கையோடு, உன் மகனுக்கு ஆட்டுக்கறி ஊட்டுவாயா? அவன் தின்றால் நோன்பை மீறின பாவம். தின்னாவிட்டால் மெழுகுதிரி அணைந்தது. நம் புனிதர் பேரைச் சொல்லியே உன் பிள்ளையைப் பாவம் செய்யச் சொல்லியிருக்கிறாய், உலகத்திலேயே சிறந்த கிறிஸ்தவனே!

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு ரேல்யாவின் முகத்தைப் பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை. எனக்கும் நின்றுவிட்டது.

என்ன செய்யப் போகிறாய்?

தேசங்கா

*

லிபோவா,
மார்ச் 24

தேசங்கா,

வெள்ளிதான். ஆணியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். போன வருஷ நாட்காட்டியாக இருக்குமோ என்று அட்டையையும் பார்த்தேன். இல்லை.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. நீ யாரிடம் சொன்னாய்? உன் கத்தரிக்காய் டீச்சருக்கு இங்கே அக்கா இருக்கிறாளாம். நேற்று திஹோமிர் கடைக்குள் நுழைந்தேன். "வாங்க வாங்க, வெள்ளிக்கிழமை வீரரே! ஜார்ஜியார் பாம்பைக் கொன்னார், நீங்க கிழமையைக் கொல்லப் போறீங்களா?" என்றான். கடையே சிரித்தது. சாராயத்தைக் குடிக்காமல் வந்தேன்.

பாதிரியாரிடம் போனேன். தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். "சாமி, நீங்களும் அன்னிக்கு அங்கதானே இருந்தீங்க. வெள்ளிக்கிழமைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீ என்னைக் கேட்டா ஆணையிட்டே? என் காபியே ஆறிப்போச்சு உன் சத்தத்துல" என்றார்.

"கறி தின்னாதவன் கிறிஸ்தவனா இல்லையா, அதைச் சொல்லுங்க."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "பவுல் அப்போஸ்தலர் காலத்துலயே இந்தச் சண்டை நடந்திருக்கு மிலிசாவ். தின்னறவன் தின்னாதவனைக் கேவலமா பார்க்காதே, தின்னாதவன் தின்னறவனுக்குத் தீர்ப்புச் சொல்லாதேன்னு எழுதிட்டுப் போயிட்டார். உன் மகன் ரெண்டாவதை உடைச்சான், நீ முதலாவதை உடைச்சே. ரெண்டு பேரும் சமம். போ."

சமமாம்!

ரொட்டி மேல் மாவிலே பறவை, திராட்சை எல்லாம் செய்து ஒட்டுவார்களே, அதில் ஒரு ஆட்டுக்குட்டியும் செய்து ஒட்டி, அதைப் பிய்த்து அவனுக்கு ஊட்டிவிடு, ஆணையும் ஆச்சு சுத்தபோசனமும் ஆச்சு என்று பாதிரியார் வீட்டம்மா ஜன்னல் வழியாக யோசனை சொன்னாள். மறுத்துவிட்டேன். நான் சொன்னது நாலு காலில் நடக்கிற ஆடு. ஜார்ஜியார் என்ன கைக்குழந்தையா, மாவைக் காட்டி ஏமாற்ற?

சொல்லைக் காப்பாற்றினால் பிள்ளை பாவி. பிள்ளையைக் காப்பாற்றினால் நான் சொல் தவறியவன், அதுவும் புனிதர் பேரில். இரண்டு நாளாக ஆடுகளிடம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அவனை வரச் சொல்லாதே. நான் கூப்பிடவில்லை.

மிலிசாவ்

*

நோவி சாத்,
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

ஆண்டவர் உயிர்த்தார்! ரேல்யா பேக்கரியில் பாஸ்கா ரொட்டி சுட்டுச் சுட்டு வெள்ளை மனிதனாகத் திரிந்தான். சிவப்பு முட்டை மட்டும் வேண்டாம் என்றான். மருந்துக் கடைக்காரி மர முட்டைக்குச் சாயம் பூசிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை வேறொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன், அவசரம்.

அவன் வருகிறான். வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். நீ கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். திருநாளுக்கு யாரை யார் கூப்பிட்டிருக்கிறார்கள்? நம் ஜனங்களில் அந்த வழக்கமே கிடையாது. கதவு திறந்திருக்கும், வருகிறவன் வருவான். கூப்பிடாதவர்கள்தான் எல்லாருமே. எழுபது பேரில் அவனும் ஒருவன்.

"போய் என்னடா செய்யப் போறே? தின்னுவியா?" என்று கேட்டேன். "தெரியல அத்தை" என்றான். அவனுக்குத் தெரியாது என்று அவன் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

எனக்கும் ஓடி வர ஆசைதான். என் வீட்டுக்காரர் குலத்துக்கும் அதே ஜார்ஜியார். அதே நாள், எனக்கும் மேசை நிறைய ஜனம். எல்லாம் முடிந்ததும் முதல் வேலையாக எழுது. ஒன்றையும் விடாதே. யார் என்ன போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பது உட்பட.

தேசங்கா

*

லிபோவா,
மே 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

யார் என்ன போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மற்றதை விடாமல் எழுதுகிறேன். எனக்கு இவ்வளவு எழுத வரும் என்று எனக்கே தெரியாது. கை நிற்க மாட்டேன் என்கிறது!

எழுபது இல்லை, நூறு பேர் வந்தார்கள். போன வருஷம் எட்டிப் பார்க்காதவன்கூட வந்தான். யாரும் மீனுக்கு வரவில்லை, ஆணைக்கு வந்தார்கள். மேசையில் கெண்டை மீன், அவித்துச் சுட்ட பீன்ஸ், அரிசி வைத்த கோஸ் உருண்டை, ஊறுகாய். அடுக்களை அலமாரியில், துணி போட்டு மூடி, ஒரு தட்டு. அதில் ஒரே ஒரு துண்டு ஆட்டுக்கறி. முந்தின நாள் சுட்டது. ஏன் சுட்டேன் என்று கேட்காதே. ஆணையிட்டவன் அதைச் செய்யாமலும் இருக்க முடியவில்லை, செய்யவும் முடியவில்லை.

ரேல்யா வந்தான். சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றான். "திருநாள் வாழ்த்துக்கள், வீட்டுக்காரரே" என்றான், யாரோ மாதிரி. "வா, உட்கார்" என்றேன், நானும் யாரோ மாதிரி. அவன் உள்ளே வந்து, கூடத்தில் எல்லார் முன்னாலும் நின்று, "கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே இடத்துல எங்கப்பாவைக் கொலைகாரன்னு சொன்னேன். தப்பு. மன்னிச்சிடுங்கப்பா" என்றான். "மீன் ஆறுது" என்றேன்.

பாதிரியார் ஜெபம் சொன்னார். கோதுமையை ஆசீர்வதித்தார். ரொட்டியைத் தூக்கினோம். நீயே அறிவாய், மூன்று பேர் பிடித்து அதைச் சுற்ற வேண்டும், பாடிக்கொண்டே. ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் நான். மூன்றாவது இடம் மகனுடையது. அது காலியாக இருந்தது. திஹோமிர் மீசையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். "நான் பிடிக்கிறேன் மிலிசாவ், பாவம், உனக்குத்தான் ஆள் இல்லையே."

என் ரொட்டியில் அவன் விரல்! தேசங்கா, நான் தட்டிவிட்டேன். சாமி எதிரில், ஜெபத்துக்கு நடுவில். "ரேல்யா! கை கழுவினியாடா?" என்று கத்தினேன். "கழுவிட்டேம்பா" என்றான். "அப்ப என்ன மரம் மாதிரி நிக்கறே?" வந்து பிடித்தான். சுற்றினோம். சாமி ஒயின் ஊற்றினார், உடைத்தோம், முத்தமிட்டோம். அவன் கை மாவு வாசனை.

ரொட்டி வெட்டியாகிவிட்டது. நூறு பேரும் என்னைப் பார்க்கிறார்கள், ஒருவனும் மெல்லவில்லை.

அப்போது ரேல்யா எழுந்து அடுக்களைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் அந்தத் தட்டு. எப்படிக் கண்டுபிடித்தான்? மோப்பம்தான், கறி தின்னாதவனுக்குக் கறி வாசனை நன்றாகத் தெரியும் போல. தட்டை என் முன் வைத்துத் துணியை எடுத்தான். "ஊட்டுங்கப்பா. தின்னுடறேன். மெழுகுதிரி அணையக் கூடாது. பாவம் என் கணக்குல இருக்கட்டும்." முகம் சுண்ணாம்பு மாதிரி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், சின்னதில் மருந்துக்குத் திறப்பானே அப்படி. சாமி சட்டென்று திரும்பிப் புனிதர் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார், இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி.

கறித் துண்டை எடுத்தேன். எடுத்தேன் தேசங்கா, பொய் சொல்லவில்லை. அவன் வாய் வரைக்கும் கொண்டுபோனேன். அவன் கண்ணை இறுக்க மூடினான்.

"வெள்ளிக்கிழமைடா, நாயே!" என்று அலறினேன். துண்டை வீசினேன், எங்கே என்று பார்க்கவில்லை. அது மேசைக்கு அடியில் போயிருக்கிறது. அங்கே கெண்டை மீன் முள்ளுக்காகக் காத்திருந்த நம் நாய்க்கு இப்படி ஒரு யோகம். என் ஆணையை நாய் தின்றுவிட்டது.

எழுந்து நின்றேன். "எல்லாரும் கேளுங்க. ஜார்ஜியார் பேர்ல ஒரு ஆணை போட்டேன். முட்டாள்தனமா போட்டேன். அதை உடைக்கிறேன். இந்த வீட்டுல சொல் மாறினவன் நான்தான், நான் ஒருத்தன்தான். திஹோமிர், நல்லா கேட்டுக்கோ, நாளைக்கு உன் கடையில சரியா சொல்லணும்." மெழுகுதிரியை எடுத்து ரேல்யா கையில் கொடுத்தேன். "இனிமே இந்த வீட்டுத் திருநாள் உன்னுது. வீட்டுக்காரன் நீ." அவன் அழுதான். நான் மீன் முள் மாட்டிக்கொண்டது போல இருமினேன். மீன் நான் தொடவே இல்லை.

சாமி படத்தைப் பார்த்து முடித்துத் திரும்பினார். "புனிதர் பேர்ல போட்ட ஆணையை உடைச்சா பிராயச்சித்தம் உண்டு மிலிசாவ்." "சொல்லுங்க சாமி." "உன் மகன் எதைத் தின்னறானோ அதையே நீயும் தின்னு. அடுத்த ஜார்ஜியார் வரைக்கும்." கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அர்த்தம் புரிகிற வரைக்கும். பால் கூடக் கிடையாதாம்! ஆட்டுக்காரனுக்கு!

நேற்று முழுக்க பீன்ஸ். இன்றைக்கும் பீன்ஸ். ரேல்யா நன்றாகத்தான் செய்கிறான், அதை அவனிடம் சொல்லாதே. காலையில் நாட்காட்டியை எடுத்தேன். அடுத்த வருஷத்துக்குக் கிழமையை விரல் விட்டு எண்ணினேன். சனி! கறிக்குத் தடையில்லாத சனி! அடுக்களைக்கு ஓடினேன். "டேய், அடுத்த ஜார்ஜியார் சனிக்கிழமை! என் பிராயச்சித்தமும் அன்னிக்கு முடியுது! மூணு ஆட்டைக் கம்பியில ஏத்தறோம்!"

அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான்: "அன்னிக்கு வீட்டுக்காரன் யாருப்பா?"

இதை நான் யோசிக்கவே இல்லை தேசங்கா. மேசையில் என்ன இருக்கும் என்று முடிவு செய்கிறவன் அவன். நான் விருந்தாளி. விருந்தாளி போட்டதைச் சாப்பிட வேண்டும். அன்றைக்கு ஆட்டுக்கறி இருக்கிற ஒரே வீடு உன்னுடையது, ஆனால் என் மகன் மெழுகுதிரி ஏற்றுகிற நாளில் நான் நோவி சாத்தில் உட்கார்ந்திருப்பேனா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருகிறேன். ஒரு தொடையைத் தனியாக எடுத்து வை. ரேல்யாவிடம் சொல்லாதே.

சொன்னாலும் பரவாயில்லை. அவனும் கூட வந்தால் வரட்டும்.

உன் அண்ணன்,
மிலிசாவ்